நாற்பது ரூபாய்ச் செடியும் நானூறு நத்தையும்

முதல் நத்தையைக் கண்டுபிடித்தது என் மகள். 2023 பொங்கல் லீவு. நான் அடுப்படியில் இருந்தேன். மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "அம்மா, ஒரு மிளகு நகருதும்மா" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால் மிளகில் பாதி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்ததும் அதற்கு நூல் மாதிரி இரண்டு கொம்பு முளைத்தது. கண்ணாடியில் படிந்திருந்த பாசியை மேய்ந்துகொண்டே போயிருக்கிறது போல. வந்த வழி முழுக்க ஈரத்துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி ஒரு கோடு.

எங்களுக்கு ஒரே சந்தோஷம். காசு கொடுக்காமல் ஒரு பிராணி! மாமாவும் (மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "தானா வந்த ஜீவன், இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார். மிளகு என்றே பெயர் வைத்தோம். சிவராத்திரி வருவதற்குள் எது மிளகு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது பெரம்பூரில், இரண்டாவது மாடி. தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அதில் 12 கப்பி, 4 பிளாட்டி. எல்லாமே கொளத்தூரில் வாங்கியவை. சென்னையில் கலர் மீன் என்றால் கொளத்தூர்தானே. வரிசையாகக் கடைகள், சந்துக்குள் போனால் வீட்டிலேயே சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் பைக் நிறுத்த இடம் கிடைக்காது. முந்தின டிசம்பரில் அப்படி ஒரு ஞாயிறு போனபோது தண்ணீர்ச் செடிகளில் வாலிஸ்னேரியா ஒரு கட்டு, வேலம்பாசி ஒரு கட்டு, இரண்டும் சேர்த்து நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன். கடைக்கார அண்ணன் ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குழாயடியில் இரண்டு உதறு உதறி, நேரே தொட்டியில் நட்டேன். நத்தை வந்த கதை அவ்வளவுதான்.

உதறினால் போகாது என்பது அப்புறம் தெரிந்தது. வாலிஸ்னேரியா இலையை வளைத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஜவ்வரிசிக் கஞ்சியை ஒரு சொட்டு விட்டது மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முட்டை. கண்ணாடி போன்ற வழுவழுப்புக்குள் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் புள்ளிகள். விரலால் தடவினால் வழுக்கும், வராது. நகத்தால் சுரண்டினால்தான் வரும். ஒரு சொட்டுக்குள் இருபது முப்பது புள்ளி சாதாரணம். சென்னைத் தண்ணீரின் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் பொரித்துவிடும்.

எங்கள் தொட்டியில் மூன்று சாதி இருந்தது என்பதை மகளின் பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தோம். மிளகின் வம்சம் பிளாடர் நத்தை. மெல்லிய, பளபளப்பான ஓடு, உடம்பில் மஞ்சள் புள்ளி, நத்தைக்குப் பொருந்தாத வேகம். அடையாளம் சொல்வது சுலபம்: ஓட்டின் கூர்முனை மேலே இருக்க, வாய்ப்பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால், வாய் இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் இருந்தால் அது வேறு, குளத்து நத்தை. அது நல்ல இலையையும் கடிக்கும்.

இதை நான் மாமாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர், "அப்போ இது இடம்புரியா?" என்றார். அங்கேதான் வேடிக்கை. பூஜையில் சங்கைக் கூர்ச்சுருள் கீழே இருக்கும்படிப் பிடிப்பது நம் வழக்கம். விஞ்ஞானிகள் சுருளை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் நாம் வலம்புரி என்று கும்பிடுவதை அவர்கள் இடப்பக்கம் சுற்றியது என்கிறார்கள். அந்தக் கணக்கில் பிளாடர் நத்தை அத்தனையும் வலம்புரி. சங்கில் லட்சத்தில் ஒன்று என்று தேடுவதை எங்கள் வீட்டில் கண்ணாடி முழுக்க வைத்திருக்கிறோம் என்று மாமா வந்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டாவது, ராம்ஸ்ஹார்ன். தட்டையாகச் சுருண்டிருக்கும், மகள் வைத்த பெயர் முறுக்கு. சிலது சிவப்பாக இருக்கும். அது ஓட்டின் நிறம் இல்லை, ரத்தத்தின் நிறம். நத்தைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செம்பு கலந்த நீல ரத்தம். இதற்கு மட்டும் நமக்கிருப்பது மாதிரி ஹீமோகுளோபின். மூன்றாவது டிரம்பெட். சுவரில் ஓட்டை போடும் டிரில் பிட் மாதிரி நீளக் கூம்பு. பகலெல்லாம் அடியில் பரப்பிய பொடிக்கல்லுக்குள், அதாவது கிராவலுக்குள், புதைந்திருக்கும், லைட்டை அணைத்த பிறகுதான் வெளியே வரும். முட்டையும் இடாது, குட்டி போடும். ஆண் தேவையே இல்லை, ஒரு பெண் நத்தை போதும். பிளாடரும் முறுக்கும் அதற்குச் சளைத்தவை இல்லை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்த உடம்பு. துணை கிடைக்காவிட்டால் தானே கருத்தரித்துக்கொள்ளும். "ஒண்ணுதானே இருக்கு, என்ன பண்ணிடப் போகுது" என்று ஜனவரியில் நான் சொன்னது எவ்வளவு பெரிய அறியாமை என்று பாருங்கள்.

ஏப்ரலில் நிலைமை கையை மீறியது. இரவில் டார்ச் அடித்து முன்கண்ணாடியை மட்டும் எண்ணினால் 87. ஃபில்டர் வாயில் கொத்துக் கொத்தாக. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "தொட்டியைக் கழுவறதே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டார். வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறவளுக்கு அது சுருக்கென்று தைக்காதா? அந்தக் கோபத்தில்தான் மருந்து வாங்கினேன்.

சின்ன பாட்டில், நீலத் திரவம். இத்தனை லிட்டருக்கு இத்தனை சொட்டு என்று லேபிளில் போட்டிருந்தது. மாமா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மயில்துத்தம் கரைச்ச மாதிரி இருக்கே" என்றார். ஊரில் பயிருக்குத் தெளித்துப் பழகியவர். சரியாகத்தான் சொன்னார். நத்தை மருந்துகளில் பலவற்றில் இருப்பது செம்புதான். நத்தைக்கு அது விஷம். இறாலுக்கும் விஷம். அளவு மீறினால் மீனுக்கும்.

அளவு மீறத்தான் செய்தது. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி, கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக 57. அதை 60 என்று முழுசாக்கிக்கொண்டு சொட்டுகளை எண்ணினேன். ஆனால் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் இல்லை, பத்து அங்குலம்தான் இருந்தது. அதிலும் கீழே இரண்டு அங்குலத்துக்குக் கிராவல், ஒரு கல் பாலம், ஃபில்டர். உட்கார்ந்து கணக்குப் போட்டால் உண்மையான தண்ணீர் 41, 42 லிட்டர்தான் வரும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மருந்து. தொட்டிக்கு எந்த மருந்து போடுவதாக இருந்தாலும், காலித் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்போதே பக்கெட்டை எண்ணி, அந்த எண்ணைத் தொட்டியின் பின்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுங்கள். நான் இப்போது எழுதி வைத்திருக்கிறேன்.

மருந்து வேலை செய்தது. மறுநாள் காலையில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து கிடந்தன. மேலே தெரிந்ததையெல்லாம் டீ வடிகட்டியால் அள்ளி எடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். கிராவலுக்குள் செத்துக் கிடந்த டிரம்பெட்டுகளைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. அதற்கடுத்த நாள் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி ஆனது. மீன்காரத் தெருவைத் தாண்டும்போது வருமே, அந்த வாடை. கப்பிகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. செவுள் ஓரம் சிவந்திருந்தது.

அது மே மாதம். ஃபேன் ஓடியும் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. எங்கள் போர் தண்ணீரோ குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் ரகம், காரத்தன்மை ஜாஸ்தி. அழுகும் உடம்பிலிருந்து வரும் அம்மோனியா, தண்ணீர் சூடாகவும் காரமாகவும் இருந்தால் இன்னும் கொடியதாகிவிடும். மிதமான தண்ணீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவே இங்கே ஆளைக் கொன்றுவிடும். மயில்துத்தம் பாதி கொன்றதா, அம்மோனியா பாதி கொன்றதா, எனக்குத் தெரியாது. 16 மீனில் 9 போயிற்று. கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தோம். மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மீதி ஏழையும், முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீர் இருந்த பக்கெட்டுக்கு மாற்றி, ஏர் பம்ப்பின் கல்லை அதில் போட்டேன். தொட்டித் தண்ணீரில் பாதியை அன்றே மாற்றினேன், மறுநாளும் பாதி. கிராவல் முழுவதையும் அரித்து அரித்து எடுத்தேன். ஃபில்டரில் கார்பன் போட்டேன். கிராவலிலிருந்து வந்த ஓடுகள் அரை டம்ளருக்கு மேல். ஒரு வெறியில் எண்ண ஆரம்பித்தேன்; நானூறோடு நிறுத்திக்கொண்டேன். அம்மோனியா டெஸ்ட் கிட் அப்போதுதான் வாங்கினேன். மஞ்சளாகவே நிற்க வேண்டிய குழாய் பச்சையாக மாறியதைப் பார்த்தபோது, இதை முதலிலேயே வாங்காமல் மருந்துக்குக் காசு கொடுத்தோமே என்றிருந்தது.

இத்தனைக்கும் பிறகு நத்தை ஒழிந்ததா என்றால், அதுதான் இல்லை. ஜூன் பாதியில் டார்ச் அடித்தேன். முன்கண்ணாடியில் 61. எல்லாம் கடுகு சைஸ். ஜவ்வரிசிச் சொட்டுக்குள் இருந்த முட்டைகளை மருந்து தொடவே இல்லை போலிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். ஏழே மீன். காலையில் நான் ஒரு சிட்டிகை பெல்லட் போடுகிறேன், அவ்வளவுதான். இந்த 61 பேர் எதைத் தின்று உயிரோடு இருக்கிறார்கள்? நல்ல இலையை பிளாடரும் முறுக்கும் சீண்டுவதில்லை. வாலிஸ்னேரியாவில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. அழுகின இலை, பாசி, மீந்த தீனி, இவைதான் அவற்றின் சாப்பாடு. பாசியும் அவ்வளவாக இல்லை. அப்படியென்றால் தீனிதான். யார் போடுகிறார்கள்?

மாமாவிடம் நேரடியாகக் கேட்கச் சங்கடமாக இருந்தது. "மாமா, மத்தியானம் மீனெல்லாம் பசியா இருக்குமோ?" என்று சும்மா பேச்சைத் தொடங்கினேன்.

"பசிக்காம? நான் பக்கத்துல போனாலே ஓடி வருதுங்க பாவம். நான் சாப்பிட்டதும் அதுங்களுக்கும் கொஞ்சம் போட்டுட்டுத்தான் படுப்பேன்" என்றார்.

அதைக் கேட்டு மகள், "நானும் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் போடுவேன் தாத்தா!" என்றாள். மூன்று வேளை, மூன்று கை. தாத்தா கை சிட்டிகை பிடிக்கும் கை இல்லை. ஊரில் கோழிக்கு இறைத்த கை. மீனுக்குப் பசியை மறைக்கத் தெரியாது, பசி இல்லாவிட்டாலும் ஓடி வரும் என்று நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. தீனி டப்பாவை எடுத்து ஒளித்து வைப்பது மரியாதையாகவும் இருக்காது.

வழி அவரிடமே இருந்தது. பிரஷர் மாத்திரைக்காக வாரத்துக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்திருக்கிறார். திங்கள் அறை காலியாக இருந்தால் மாத்திரை போட்டாயிற்று என்று அர்த்தம். பழைய டப்பா ஒன்று கிடந்தது. அதில் ஞாயிறு ராத்திரி நான் மீன் தீனியை அளந்து போட்டுவிடுவேன். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு எதுவோ அது. எங்கள் ஏழுக்கு, நடுவிரல் நகத்தில் நிற்கும் அளவு. யார் வேண்டுமானாலும் போடலாம். அறை காலி என்றால் அன்றைக்கு முடிந்தது. மாமாவையே அதற்குப் பொறுப்பாக்கினேன். சனிக்கிழமை அறையைக் காலியாகவே விட்டேன். அதற்கு அவர் மறுப்பே சொல்லவில்லை. "நானும் சனிக்கிழமை ஒருவேளைதான். பெருமாளுக்கு அதுங்களும் இருக்கட்டும்" என்றார். ஆரோக்கியமான பெரிய மீனுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி எந்தக் கெடுதலும் செய்யாது. சின்னக் குஞ்சுகள் இருந்தால் மட்டும் வேண்டாம்.

தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் தேதியெல்லாம் எழுதும் மாசக் காலண்டரிலேயே நத்தைக் கணக்கையும் எழுத ஆரம்பித்தேன். ஞாயிறு இரவு ஒன்பது மணி, லைட் அணைத்து அரைமணி கழித்து, முன்கண்ணாடி மட்டும். ஜூலை முதல் ஞாயிறு 58. நடுவில் ஒரு வாரம் 40, அடுத்த வாரமே 47. அந்த வாரம் வீட்டில் விசேஷம், வந்த குழந்தைகள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் 22. ஆயுத பூஜை சமயத்தில் 9. ஒரு சொட்டு மருந்து இல்லாமல்.

தீனியைக் குறைத்தது மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். பொறியும் வைத்தேன். காலித் தயிர் டப்பாவில் நத்தை நுழையும் அளவுக்கு நாலைந்து ஓட்டை போட்டு, உள்ளே ஒரு வெள்ளரித் துண்டும் கூழாங்கல்லும் வைத்து ராத்திரி இறக்கிவிடுவேன். காலையில் தூக்கினால் வெள்ளரியைச் சுற்றி மாநாடு. முட்டைக்கோஸ் இலையும் நன்றாக இழுக்கும், ஆனால் மருந்து தெளித்திருப்பார்கள் என்ற பயத்தில் நன்றாகக் கழுவி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கித்தான் போடுவேன். கேரட்டை வேக வைத்துப் போட்டால் டிரம்பெட்டுகள் வரும். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

எடுத்ததை என்ன செய்வது? கண்ணாடியோடு வைத்து விரலால் நசுக்கினால் கப்பிகள் பாய்ந்து வந்து தின்னும், அவற்றுக்கு அது நல்ல புரதம் என்பார்கள். இரண்டு முறை செய்து பார்த்தேன். ஓடு நொறுங்கும் அந்தச் சத்தம் விரலில் கேட்கிறது, என்னால் முடியவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரேயடியாக முடித்து, பேப்பரில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். குளத்து நத்தைகள் கால்நடைக்கும் மனிதருக்கும் வரும் சில புழுக்களைச் சுமப்பவை. வீட்டுத் தொட்டியில் அதற்கு வாய்ப்புக் குறைவுதான், ஆனால் சோப்பு இருக்கும்போது எதற்கு வம்பு. உயிரோடு எடுத்துப்போய் ஏரியிலோ கால்வாயிலோ விடுவது மட்டும் கூடவே கூடாது. பாசி தின்னட்டும் என்று தொட்டிக்கு வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட சக்கர் மீன் இன்றைக்கு நம் ஏரிகளில் வலை போடுகிறவர்களுக்கு எவ்வளவு தலைவலி என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

நத்தை தின்கிற மீன் வாங்கிவிடலாமே என்று கடையில் சொன்னார்கள். கிளவுன் லோச் குட்டியாக இருக்கும்போது கொள்ளை அழகு. ஆனால் ஓரடி வரை வளரும் மீன். ஓரடி அகலத் தொட்டியில் அது திரும்புவது எப்படி? இன்னொன்று பட்டாணி பஃபர், கேரளத்து ஆறுகளில் இருக்கும் குட்டிப் பேத்தை மீன். நத்தையை வெளுத்து வாங்கும், உண்மைதான். கூடவே கப்பியின் வாலையும் கத்தரிக்கும். ஆறுகளிலேயே எண்ணிக்கை குறைந்துவரும் மீன் அது. என் வீட்டுத் தீனிக் கணக்கைச் சரிசெய்ய அதைக் கூட்டி வருவது நியாயமாகப் படவில்லை. அசாசின் நத்தை என்று ஒன்று உண்டு, நத்தையையே தின்னும் நத்தை. தேவைப்பட்டால் அது ஒன்றுதான் என் தேர்வாக இருந்திருக்கும். ஆனால் மீதிச் செம்பு எங்கேயாவது ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் அதையும் விடவில்லை, இறாலும் இதுவரை விடவில்லை.

இப்போது எந்தச் செடி வாங்கினாலும் பால்கனி பக்கெட்டில் மூன்று வாரம். முதலில் நாட்டு மருந்துக் கடைப் படிகாரம், நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, அதில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறல். நத்தை சாகும்; ஆனால் முட்டையும் சாகும் என்று முழுசாக நம்ப முடியாது. அதனால்தான் மூன்று வாரம்: முட்டை இருந்தால் அதற்குள் பொரித்துவிடும், பொரித்தது கண்ணில் பட்டுவிடும். பிளீச்சிங் திரவத்தில் முக்குவது இன்னும் வேகம். என் வாலிஸ்னேரியா அதில் வெந்த கீரை மாதிரி ஆனது, அதோடு விட்டுவிட்டேன். மீன் வாங்கி வந்தாலும் கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவேன்.

பக்கெட் வைத்த முதல் மாதமே கொசு ஒழிப்புக்கு வரும் மாநகராட்சி அக்கா பார்த்துவிட்டார். "என்னாம்மா இது, தண்ணி தேங்க வெச்சிருக்கீங்க? டெங்கு வந்தா யாரு பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். என் செடிக்கோ மூன்று வாரம். நத்தை வராமல் இருக்க செடியைத் தனியாக வைத்திருக்கிறேன் என்றதும், "செடிக்கெல்லாமா குவாரன்டைன்?" என்று சிரித்தார். பழைய துப்பட்டாவை வாயில் இறுக்கிக் கட்டிக் காட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

அந்த 9 நத்தையை ஒழித்துவிடலாமா என்று அக்டோபரில் யோசித்தேன். விட்டுவிட்டேன். கண்ணாடியில் பாசி துடைக்கும் வேலை எனக்குப் பாதியாகக் குறைந்திருந்தது. டிரம்பெட் கிராவலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அழுக்கு இறுகிப் போவதில்லை. இன்னொரு காரணம் டிசம்பரில்தான் தெரிந்தது.

மிக்ஜாம் புயல். டிசம்பர் 3 ராத்திரி பிடித்த மழை, 4-ஆம் தேதி முழுக்க விடவில்லை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கீழே பார்க்கிங்கில் முட்டி அளவுத் தண்ணீர். மகளுக்கு என்ன சமைப்பது, மெழுகுவத்தி எங்கே, ஃபோனில் சார்ஜ் எவ்வளவு என்று ஓடிக்கொண்டிருந்ததில் தொட்டி ஞாபகமே இல்லை. மத்தியானம் மாமாதான் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. அந்த ஆணி நத்தைங்க எல்லாம் பகல்ல மேல ஏறுதே, ஏன்?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். பகலில் தலைகாட்டாத டிரம்பெட்டுகள் ஏழெட்டு, கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வரிசையாக. பிளாடரும் முறுக்கும் மேலே வருவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அவை காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை, சும்மாவே மேலே வரும். டிரம்பெட்டுக்கு மீனைப் போலச் செவுள். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் இப்படி மேலே வந்துவிடும். பம்ப் நின்று ஆறேழு மணி நேரம் ஆகியிருந்தது. மீன்கள் அதுவரை வாயைப் பிளக்கவில்லை.

டம்ளரில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். நான் செய்வதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மாமா டம்ளரை வாங்கிக்கொண்டார். டீ ஆற்றி ஆற்றிப் பழகிய கை. ஒரு முழம் உயரத்திலிருந்து சொட்டு சிந்தாமல் நுரைக்க நுரைக்க ஊற்றினார். அரைமணிக்கு ஒரு தடவை, ஐம்பது டம்ளர். ராத்திரி இரண்டு மணி வரை அவர், அப்புறம் நான். தீனி கிடையாது; தின்றால் மீனுக்குப் பிராணவாயு இன்னும் அதிகம் வேண்டும், மீந்தது அழுகினால் அதற்கும் வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தது. பம்ப் குபுகுபுவென்று கிளம்பிய சத்தத்தில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். விடிந்து பார்த்தபோது கண்ணாடியில் ஒரு டிரம்பெட்கூட இல்லை, எல்லாம் கிராவலுக்குள் இறங்கிவிட்டன. ஏழு மீனும் இருந்தன. மாமா மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். திங்கள், செவ்வாய் அறைகள் நிறைந்தபடியே இருந்தன.

"இந்த ரெண்டு நாள் பாக்கியை என்னம்மா பண்றது?"

"அப்படியே மூடி வைங்க மாமா."